பிள்ளையின் பொழுது யாருடையது?

தவணை முடிவிலே கூடும் பெற்றோர் கூட்டங்களில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. விடுமுறை நாட்களிலே பிள்ளைகளை என்ன செய்வது என்பதே அது. வடக்கிலே நான் படிப்பித்த காலத்தில், "ஒரு மாதத்துக்கு இதுகளை எப்பிடிப் பிராக்குக் காட்டுறது?" என்று கேட்டார்கள். மலையகத்துக்கு மாற்றலாகி வந்த பின்னர், "ஒரு மாசத்துக்கு இதுகள யாரு பாத்துக்கிறது?" என்று கேட்கிறார்கள். மேலோட்டமாக நோக்குவார்க்கு இரண்டும் ஒரே வினாவாகத் தோன்றலாம். உண்மையிலோ இரண்டுக்குமிடையே ஒரு வர்க்கத்தின் தூரம் கிடக்கின்றது. முன்னதைக் கேட்பவர் பிள்ளையின் பொழுதை எதனைக் கொண்டு நிரப்பலாம் எனத் தேடுகின்றார். பின்னதைக் கேட்பவர், தாம் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்துத் திரும்பும்வரை பிள்ளை ஊறின்றி இருக்க வேண்டுமே என அஞ்சுகின்றார்.

இரண்டாவது வினாவுக்கு விடையிறுக்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டு. அதுபற்றிப் பின்னர் கூறுவேன். முதலாவது வினாவையோ அப்படியே ஏற்றுக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை. பிள்ளையின் ஓய்வு என்பது வெறும் பள்ளம், அதனைப் பெரியவர் எவரேனும் மண்ணிட்டு நிரப்பியேயாக வேண்டும் என்னும் எடுகோள் அவ்வினாவினுள்ளே ஒளிந்து கிடக்கின்றது. பிராக்கு என்னும் யாழ்ப்பாணத்துச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அழுகின்ற குழந்தைக்கு ஊசி போடும் வேளையில் தாய் காகத்தைக் காட்டுகிறாளே, அதுதான் பிராக்குக் காட்டுதல். ஒன்றிலிருந்து மனத்தைத் திருப்புவதற்காகவே இன்னொன்று காட்டப்படுகின்றது. அவ்வாறாயின், விடுமுறையில் நாம் பிள்ளைகளின் மனத்தை எதிலிருந்து திருப்ப முயல்கின்றோம்?

பள்ளி என்னும் பழஞ்சொல் கிடக்கையையும் துயிலிடத்தையும் குறிக்கும். பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பவற்றிலே அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. சமண பௌத்தத் துறவிகள் தங்கிய இடங்களும் பள்ளிகள் எனப்பட்டன. கல்விக்கூடமும் அப்பெயரையே பெற்றது. வியப்பென்னவெனில், ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலே பாடசாலையைக் குறிக்கும் சொற்களுக்கு மூலமான 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் முதற்பொருள் ஓய்வு என்பதே. கடலாற் பிரிக்கப்பட்ட இரு மொழிகளிலே கல்விக்கூடத்தின் பெயர் ஓய்வோடு உறவு கொண்டிருத்தல் தற்செயலாக இருக்கலாம். எனினும் அதனுள்ளே ஓர் உண்மை உறைகின்றது. உடனடிப் பயன் கருதாத பொழுது மனிதனுக்குக் கிடைத்த பின்னரே சிந்தனை பிறந்தது. அரிஸ்டோட்டில் இதனை வெளிப்படையாகவே கூறினார். உழைப்பு ஓய்வின் பொருட்டே என்பது அவர் துணிபு. ஆனால் அவருடைய குடிமகன் ஓய்ந்திருக்க, வயலிலும் அடுக்களையிலும் அடிமைகள் உழைத்தனர். ஒருவனது ஓய்வு இன்னொருவனது முதுகின்மேல் ஏறியிருந்தது என்பதை அத்தத்துவஞானி நியாயமெனவே கருதினார். ஓய்வு மனிதனுக்குரியது என்னும் கருத்தை அவரிடமிருந்து பெறுவோம். எந்த மனிதனுக்கு என்னும் வினாவை அவரிடமே திருப்பிக் கேட்போம்.

கோடை விடுமுறையின் வரலாற்றைப் புரட்டினால் இவ்வினாவின் கூர்மை விளங்கும். மேனாட்டிலே நீண்ட கோடை விடுமுறை உழவர் பிள்ளைகள் வயலில் உதவுவதற்காகத் தோன்றியதென்று பலரும் நம்புகின்றனர். அமெரிக்காவைப் பொறுத்தவரை இது முழுவதும் உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு நாட்டுப்புறப் பாடசாலைகள் பெரும்பாலும் மாரியிலும் கோடையிலுமே நடந்தன. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆள் வேண்டிய வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பிள்ளைகள் வயலுக்குப் போயினர். நீண்ட கோடை விடுமுறை நகரங்களிலே உருப்பெற்றது. வெப்பந்தாங்காது ஊர்விட்டுப் போகும் வசதியுடையோரின் வழக்கம் அதற்கொரு காரணம். இங்கிலாந்திலே கிழக்கு இலண்டன் ஏழைக் குடும்பங்களுக்கு விடுமுறை என்பதன் பொருள் வேறாயிருந்தது. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பரிலும் தாய்மார் பிள்ளைகளோடு புறப்பட்டுக் கென்ட் பிரதேசத்துக்குப் போவர். பீர் வடிப்பதற்கு வேண்டிய ஹொப் கொடியின் பூங்கதிர்களைப் பறித்துக் கூலி பெறுவர். புகை படிந்த நகரத்தைவிட்டு வெட்டவெளியிலே சில வாரங்கள் வாழ்ந்ததை அவர்களுட் பலர் பிற்காலத்தில் இன்பமாகவே நினைவுகூர்ந்தனர். அவ்வின்பத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அது உழைக்குமிடம் மாறியதால் வந்த இன்பமேயன்றி உழைப்பினின்றும் விடுபட்ட இன்பமன்று. 1950களிலும் 1960களிலும் பறிக்கும் இயந்திரங்கள் வந்து அவ்வழக்கத்தை முடித்து வைத்தன. ஸ்கொத்லாந்தின் சில பகுதிகளிலே ஒக்டோபர் விடுமுறையை இன்றும் உருளைக்கிழங்கு விடுமுறை என்கிறார்கள். பிள்ளைகள் கிழங்கு பொறுக்கிய காலத்தின் எச்சம் அப்பெயர்.

பிள்ளையின் ஓய்வு கொடைவள்ளல் எவரும் தந்ததன்று. 1833ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிலே ஒன்பது வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் வேலையை வாரத்துக்கு 48 மணித்தியாலமாகக் குறைத்தபோது அதனைப் பெருங்கருணையென்று கொண்டாடினர். நத்தாரும் பெரிய வெள்ளியும் போக ஆண்டுக்கு எட்டு அரைநாட்கள்! அதுவே அப்பிள்ளைகளுக்குச் சட்டம் உறுதிசெய்த விடுமுறை. அந்த எட்டு அரைநாட்களுக்கும் பின்னால் பல்லாண்டுப் போராட்டம் இருந்தது. பிரான்சிலே ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை 1936 யூன் மாதத்தில், பெரும் வேலைநிறுத்த அலையின் நடுவிலே, சட்டமாயிற்று. அவ்வாண்டுக் கோடையிலேதான் தொழிலாளர் குடும்பங்கள் பல முதன்முறையாகக் கடலைக் கண்டன. சுதந்திரத்தின் இராச்சியம் வேலைநாளைக் குறைப்பதிலே தொடங்குகின்றது என்று மார்க்ஸ் 'மூலதன'த்தின் மூன்றாம் பாகத்திலே எழுதியதை நாம் வளர்ந்தவரின் தொழிற்சங்க விவகாரமாகவே படித்துப் பழகிவிட்டோம். பிள்ளைக்கும் வேலைநாள் உண்டு. காலை ஏழரைக்குத் தொடங்கும் அதன் வேலைநாள் பாடசாலை மணியோடு முடிவதில்லை என்பதை இந்நாட்டு ஆசிரியர் எவரும் அறிவர்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். நமக்குக் கோடை விடுமுறை என்றொன்றில்லை. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளைப் படித்து அச்சொல்லைக் கடன் வாங்கியிருக்கின்றோம். மரபாக நமக்குள்ளவை சித்திரை, ஆவணி, மார்கழி மாதங்களையொட்டிய மூன்று தவணை விடுமுறைகள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகாலம் உண்டு. இவற்றுள் ஓகஸ்ட் விடுமுறையே பிள்ளைகளிடமிருந்து முதலிற் பறிபோனது. உயர்தரப் பரீட்சை 2019 வரை நெடுங்காலம் ஓகஸ்டிலே நடந்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் பெரும்பாலும் அம்மாதத்திலேயே வந்தது. 2020இன் பெருந்தொற்றும் 2022இன் எரிபொருள் நெருக்கடியும் நாட்காட்டியைக் குலைத்த பின்னரும் பழக்கம் குலையவில்லை. விடுமுறை தொடங்குமுன்னரே தனியார் கல்வி நிலையங்களின் வண்ணச் சுவரொட்டிகள் மதில்களில் ஏறிவிடுகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை காலையில் ஒரு வகுப்புக்கும் மாலையில் இன்னொரு வகுப்புக்கும் போகின்றது. இலவசக் கல்வியை 1945இலே நாட்டுக்குப் பெற்றுத்தந்த கன்னங்கராவின் காலத்திலே, ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்களுக்குத் தெரிவுசெய்யவெனப் பிறந்தது அப்புலமைப்பரிசில். ஏழைக்குத் திறந்த கதவின் முன்னே இன்று பணம் வரிசையில் நிற்கின்றது.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்ததும் தமிழாசிரியர் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு எல்லோரும் அறிந்ததே. 'விடுமுறையை நான் கழித்த விதம்'. மலையகத்திலே எட்டாந்தர வகுப்பிலே இத்தலைப்பைக் கொடுத்தபோது நாற்பது கொப்பிகளுள் பெரும்பாலானவற்றிலே ஒரே கட்டுரை இருந்தது. குடும்பத்தோடு சிற்றுந்திலே சுற்றுலா போனோம், தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைக் கண்டோம், யானை நடனம் பார்த்தோம், மாமா வீட்டிலே தங்கினோம். கட்டுரைப் பயிற்சி நூலொன்றிலிருந்து வந்தது அது. ஒரு மாணவன் ஒரு படி மேலே சென்று, நுவரெலியாவின் குளிரையும் பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற தேயிலை மலைகளையும் கண்டு வியந்ததாக எழுதியிருந்தான். அவன் வீட்டு வாசலிலிருந்து எட்டடி தூரத்தில் அந்தக் கம்பளம் தொடங்குகின்றது. அவனுடைய தாய் அதன்மேல் நாள்தோறும் கூடை சுமக்கிறாள். விறகு தேடியது, தம்பியைத் தூக்கித் திரிந்தது, ஓடையிலே நண்டு பிடித்தது, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவியது, இவையெல்லாம் விடுமுறை என்று எழுதத் தகாதவை என அவன் கருதிவிட்டான். உண்மையான அனுபவம் இலக்கியத்துக்கு உதவாது என்று ஒரு பிள்ளைக்கு பதின்மூன்று வயதிலேயே எவர் கற்பித்தனர்? யதார்த்த இலக்கியம் வளரவில்லையே எனக் கவலையுறும் நமது விமரிசகர்கள் இந்தக் கொப்பிகளை ஒருமுறை பார்ப்பது நன்று.

அதே வகுப்பின் மாணவியர் சிலர் எழுதியவை இன்னுஞ் சுருக்கமானவை. 'வீட்டில் இருந்தேன்' என்பதோடு ஒரு பக்கம் நிறையாமலே நின்றுவிட்டன. வீட்டில் இருத்தல் என்பதன் பொருள் வேறு. தாய் பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டுவதும், தண்ணீர் பிடிப்பதும், பிள்ளைக்காம்பராவிலே விட முடியாத வயதுக்கு வளர்ந்துவிட்ட, தனியே விட முடியாத வயதிலுமுள்ள தம்பி தங்கையரைப் பார்ப்பதும் அதனுள் அடங்கும். பெற்றோர் கூட்டத்திலே அந்தத் தாய் கேட்ட வினாவுக்கு ஒவ்வொரு விடுமுறையிலும் விடையாக நிற்பவள் இந்தச் சிறுமியே. ஆண்பிள்ளையின் ஓய்வு களவாடப்பட்டதென்றால் பெண்பிள்ளையின் ஓய்வு பிறக்கவேயில்லை. வடக்கிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பருவமடைந்ததும் விளையாட்டு வெளியினின்றும் அவள் விலக்கப்படுகின்றாள். அடுக்களை அவளை ஏற்றுக்கொள்கின்றது. பிள்ளைகளைப் பிராக்குக் காட்டுவது எப்படி என்னும் கேள்வி அவளை நோக்கி எழுவதே இல்லை.

பிள்ளைப் பருவம் எதற்காக என்பது பற்றித் தத்துவஞானிகள் இரு திறப்பட்டு நிற்கின்றனர். பின்னர் வரப்போகும் வாழ்க்கைக்கான ஆயத்தமே அது என்பார் ஒரு சாரார். அதற்கென ஒரு தனி இயல்பும் நிறைவும் உண்டு என்பார் மற்றொரு சாரார். ரூசோ 1762இலே வெளியிட்ட 'எமில்' என்னும் நூலிலே, பிள்ளைக் கல்வியின் மிகப்பெரிய விதி காலத்தை மிச்சம் பிடிப்பதன்று, இழப்பதே எனத் துணிந்து கூறினார். இக்கூற்றின் அழகிலே மயங்குவோர் இரண்டு செய்திகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். எமில் என்னும் கற்பனைச் சிறுவனுக்கு முழுநேர ஆசான் ஒருவர் இருந்தார். ரூசோ பெற்ற பிள்ளைகளோ அநாதை இல்லத்திலே விடப்பட்டனர். காலத்தை இழக்கலாம் என்று கூறுவதற்கும் ஒரு முதல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் என் நண்பரின் கண்டனம் எழுகின்றது. அவர் கணித ஆசிரியர். லயத்திலே பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கிலே படித்துப் பட்டதாரியானவர். விடுமுறை முழுவதும் சம்பளமின்றித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகின்றவர். "லயத்துப் பிள்ளைக்கிட்ட ஓய்வப் பத்திப் பேசாதீங்க. கொழும்புப் பிள்ள ஓகஸ்ட் முழுக்கப் படிக்குது. நம்ம பிள்ள வெளையாடினா அது தேயிலைக்குத்தான் போகும்" என்று அவர் கூறும்போது மறுமொழி எளிதில் வாய்ப்பதில்லை. 1945இன் இலவசக் கல்வி தோட்டத்து வாசலிலே நின்றுவிட்டது என்பதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கு 1970கள் வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் வரலாறு. ஒரு தலைமுறைக் காலத்தை இழந்த மக்களிடம் மேலும் ஒரு மாதத்தை இழக்கச் சொல்வது அறமா?

இதனைச் சற்றுப் பொறுமையாக ஆராய வேண்டும். பல்கலைக்கழகத்து இடங்கள் எண்ணப்பட்டவை. மாவட்ட ஒதுக்கீட்டின்படி அவை பகிரப்படுகின்றன. ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் யாவரும் ஓகஸ்ட் முழுவதும் கண்விழித்தாலும் ஓரிடங்கூட மேலதிகமாகத் தோன்றாது. தேர்த் திருவிழாவிலே முன்னிற்பவர் குதியை உயர்த்தினால் பின்னிற்பவரும் உயர்த்தியேயாக வேண்டும். எல்லாருக்கும் கால் வலிக்கும், காட்சியோ முன்னிருந்த அளவே. ஆதலின் என் நண்பர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நோக்குங்கால் சரியாகவே பேசுகின்றார். எல்லாப் பிள்ளைகளையும் ஒருங்கே நோக்குங்கால் அவர் வாதம் நிற்கவில்லை. தனிமனித அறத்துக்கும் சமுதாய அறத்துக்கும் இடையிலே உண்மையான முரண்பாடு ஒன்று இங்கே உள்ளது. அறிவுரை கூறி இதனைத் தீர்த்துவிட முடியாது. பெற்றோரைக் குறைகூறுவதும் நீதியன்று. போட்டியின் விதிகளை அவர்கள் எழுதவில்லை. வகுப்பை நிறுத்துமாறு அந்நண்பரிடம் நான் கேட்கமாட்டேன். அவருடைய வகுப்பு முற்பகலோடு முடியட்டும், பிற்பகல் பிள்ளைகளுடையதாகட்டும் என்று மட்டும் கேட்கின்றேன். கேட்டுமிருக்கின்றேன். ஆனால் பொழுதுபோக்கென்னும் பெயரிலோ பயிற்சியென்னும் பெயரிலோ பிள்ளையின் கடைசி மணித்தியாலம்வரை விற்பனை செய்யும் வணிகனையும் இவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது.

பிற்பகலில் அவர்கள் என்ன கற்றுவிடப் போகிறார்கள் என்று கேட்போருக்குச் சுவிஸ் உளவியலறிஞர் பியாஜேயின் ஆய்வைச் சுட்டலாம். 1932இலே வெளிவந்த நூலொன்றிலே, பிள்ளைகளின் அறவுணர்வு எவ்வாறு வளர்கின்றது என்பதை அவர் ஆராய்ந்தார். அதற்காக அவர் தேவாலயத்துக்கோ வகுப்பறைக்கோ போகவில்லை. சிறுவர் கோலி விளையாடுவதை அவதானித்து, அவர்களோடு தாமும் விளையாடி, விதிகளைப் பற்றி வினவினார். சிறு குழந்தைகள் விளையாட்டு விதியை மாற்றவொண்ணாத, பெரியவர் தந்த கட்டளையாகக் கருதினர். பத்துப் பதினொரு வயதளவிலே, விதி என்பது நமக்குள் நாம் செய்துகொண்ட உடன்படிக்கை, எல்லாரும் இணங்கினால் மாற்றலாம் என்னும் தெளிவு பிறந்தது. ஒத்தவரோடு ஒத்தவராய்க் கூடி விளையாடும்போது இத்தெளிவு பிறக்கின்றது என்பது அவர் முடிபு.

கிளித்தட்டைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. மண்ணிலே கோடு கிழிக்கும்போதே வழக்கு ஆரம்பமாகிவிடும். கட்டம் எத்தனை, எவன் கிளி, சின்னவனை எந்தப் பக்கம் சேர்ப்பது என ஆயிரம் பிணக்கு. குறுக்குக் கோடுகளிலே மறித்து நிற்போரைத் தப்பி ஓடுங்கால், தொட்டேன் என்பான் ஒருவன், தொடவில்லை என்பான் மற்றவன். நடுவர் எவருமில்லை. 'அளாப்புகிறான்' என்னும் குற்றச்சாட்டு எழும். அளாப்புதல் என்னும் சொல்லுக்கு நிகராக விளையாட்டு நீதியைப் பற்றிய செறிவான சொல் வேறெதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. அளாப்புகிறவனை அடுத்த நாள் சேர்க்கமாட்டார்கள். ஆனால் முற்றாக விலக்கிவிட்டால் ஆட்டத்துக்கு ஆள் காணாது. ஆகவே மன்னிக்கவும் வேண்டும். சட்டம், சாட்சி, தண்டனை, மன்னிப்பு என அரசியற் கல்வி முழுவதும் ஓர் ஒழுங்கை மண்ணிலே நடந்தேறுகின்றது. பெரியவர் ஒருவர் விசிலோடு நுழைந்தால் இவையனைத்தும் நின்றுவிடும். வழக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகள் மீண்டும் கட்டளைக்குக் கீழ்ப்படியும் குழந்தைகளாகிவிடுவர். விடுமுறை முகாம்களையும் ஒழுங்குபடுத்தப்பட்ட பொழுதுபோக்குகளையும் நான் ஐயத்தோடு நோக்குவதற்கு இதுவே காரணம்.

பழையன யாவும் பொன் என்று கூறுவது என் நோக்கமன்று. அந்தக் கிளித்தட்டிலே சாதிக் கோடும் இருந்தது. எந்த வளவுப் பிள்ளை எந்த வளவுப் பிள்ளையோடு கோட்டில் நிற்கலாம் என்பதை வேலிக்கு அப்பால் நின்ற பெரியவர்கள் தீர்மானித்தனர். பிள்ளைகள் தாமே விதி செய்யும்போது தந்தையரின் விதிகளையும் சிலவேளை கூடவே எடுத்து வருகிறார்கள். ஆயினும் ஆட்டத்துக்கு ஆள் காணாத நேரங்களிலே அந்தக் கோட்டை முதலில் அழித்தவர்களும் பிள்ளைகளே. பின்னர் போர் வந்தது. எங்கள் தலைமுறையினர் வடக்கிலே பதுங்குகுழிக்கருகே விளையாடக் கற்றவர்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு நடந்தவர்களின் தோள்களிலே சுமக்கப்பட்டவர்கள். வன்னியிலே மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்குள் பந்து உருண்டால் பந்தை மறந்துவிட வேண்டும். பிள்ளையை வெளியே விடாதே என்னும் பயம் அக்காலத்திலே நியாயமானது. துப்பாக்கிகள் 2009இலே ஓய்ந்தன. பயமோ மதில்களாக உயர்ந்து நிற்கின்றது.

மதிலுக்குள்ளே கைத்தொலைபேசி வந்திருக்கின்றது. அதனைப் பேய் என்று ஓட்டும் பிரசங்கங்களிலே எனக்கு நம்பிக்கையில்லை. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது அலைவரிசை தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியதை நாடறியும். படிப்பதற்கென்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த கருவியை இப்போது பார்க்காதே என்றால் பிள்ளை எங்கே போகும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே ஆறு பேர் வாழும் வீட்டிலே அக்கண்ணாடிச் சதுரமே பிள்ளைக்குள்ள ஒரே மைதானம். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மைதானத்திலே விதிகளைச் செய்வது பிள்ளையன்று. எந்தக் கணத்திலும் சலிப்புத் தோன்றாதபடி, ஒரு காட்சி முடியுமுன் மறு காட்சி வந்து விழுமாறு, இலாபம் கருதி அமைக்கப்பட்ட ஆட்டம் அது. பேட்ரண்ட் ரசல் 1930இலே எழுதிய நூலொன்றில், சலிப்பைத் தாங்கும் ஆற்றலைச் சிறுபராயத்திலேயே பெறவேண்டும் என்றும், பெற்றோர் காட்சிகளையும் தின்பண்டங்களையும் அளவுமீறிக் கொடுத்து அதனைக் கெடுக்கின்றனர் என்றும் எச்சரித்தார். சலிப்பு ஒரு நோயன்று. பிள்ளை தன்னிடத்திலே என்ன உண்டு என்று தேடத் தொடங்கும் வாசல் அது.

சூத்திரகரின் நாடகமொன்றைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' என்று தமிழிலே தந்தார். பெயர்க்காரணமான காட்சியை வாசகர் அறிவர். வறுமையுற்ற சாருதத்தனின் மைந்தன் அண்டை வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண் தேரை வேண்டாமென அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி மண் தேரை நிரப்பிக் கொடுக்கின்றாள். அன்பு மிகுந்த செயல்தான். ஆயினும் அந்த அணிகளே பின்னர் சாருதத்தனைக் கொலைக்களம்வரை கொண்டுபோகின்றன. பிள்ளையின் அழுகைக்குக் காரணம் தேர் மண்ணாலானது என்பதன்று. அண்டை வீட்டிலே பொன் இருந்தது என்பதே. ஏற்றத்தாழ்வு பெற்ற அழுகையைப் பரிசுப் பொருள் கொண்டு தணிக்க நாம் இன்றும் முயன்றுகொண்டிருக்கின்றோம்.

அவ்வாறாயின் பெரியவருக்குக் கடமையே இல்லையா? உண்டு. பொழுதை நிரப்புவது நம் கடமையன்று. பொழுது வாழ்வதற்கு இடம் தருவதே நம் கடமை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம், தன் 31ஆம் உறுப்புரையிலே ஓய்வையும் விளையாட்டையும் உரிமையென்று வரைந்தது. இலங்கை 1991இலே அதனை ஏற்றுறுதி செய்தது. கட்டாயக் கல்வியின் எல்லை 2016இலும் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இலும் பதினாறாக உயர்த்தப்பட்டன. இவை நல்லவை. ஆனால் வேலை செய்யாதே என்று சட்டம் கூறிய பிள்ளைக்கு விளையாடு என்று கூற ஒரு நிலமும் வேண்டும். வடக்கிலே ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உண்டு. ஒரு காலத்தில் பத்திரிகை வாசிக்கவும் பந்தடிக்கவும் அவை இடந்தந்தன. பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. தோட்டத்திலே மைதானம் என்று இருப்பது பெரும்பாலும் கம்பனியின் நிலம். தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்திலே பெரிய பிள்ளைகளையும் ஏற்கும் பராமரிப்பிடம் அமைய வேண்டும் என்பது தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து முன்வைக்க வேண்டிய கோரிக்கை. அது கிடைத்தால் 'வீட்டில் இருந்தேன்' என்று எழுதிய சிறுமிக்கும் ஒரு பிற்பகல் கிடைக்கும்.

அதற்கு முன்னரே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மூன்று விடுமுறைகளிலும் நாடெங்கும் பாடசாலை மைதானங்களும் நூலகங்களும் பூட்டப்பட்டிருக்கின்றன. பொதுப் பணத்தில் எழுந்த மைதானம், பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய நாட்களிலே புல் மண்டிக் கிடக்கின்றது. மலையகத்துப் பாடசாலையொன்றிலே பழைய மாணவரான இளைஞர் சிலர், பிற்பகலிலே மைதானத்தையும் நூலக அறையையும் திறந்துவிடத் திறப்பைத் தருமாறு அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்டனர். தாம் எதுவும் கற்பிக்கப் போவதில்லை, வாசலில் இருந்து பார்த்துக்கொள்வதோடு சரி என்றும் கூறினர். கூட்டத்திலே ஒரு மணித்தியாலம் விவாதம் நடந்தது. கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு, பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு, சுற்றுநிருபத்திலே இடமுண்டா, வலயக் கல்விப் பணிமனை என்ன கூறும் எனப் பலரும் வினவினர். நூலகத்திலே காணாமற்போகக்கூடிய புத்தகங்களைப் பற்றி ஒருவர் கவலையுற்றார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய், "காணாமப் போனா யாரோ படிக்கிறாங்கன்னு அர்த்தம்தானே?" என்று கேட்டது கூட்டக் குறிப்பிலே பதியப்படவில்லை. பணிமனையிடம் எழுத்திலே அனுமதி கோருவதெனவும், விடயத்தை அடுத்த கூட்டத்திலே எடுத்துக்கொள்வதெனவும் முடிவாயிற்று. அடுத்த கூட்டம் மூன்றாந் தவணை தொடங்கிய பின்னர் கூடும்.